வெள்ளித்திரை வேதாளங்கள்

காசு கொடுத்துப் பயத்தை வாங்குகிற பிராணி உலகத்தில் மனிதன் ஒருவன்தான். மானுக்கும் முயலுக்கும் பயம் இனாமாகவே கிடைத்துவிடுகிறது. அவை அதை விரும்புவதாகவும் தெரியவில்லை. மனிதனோ, வீட்டு வாடகை, பிள்ளையின் பரீட்சை, பெண்ணின் கல்யாணம் என்று பகலெல்லாம் அசல் பயங்களோடு மல்லுக்கு நின்றுவிட்டு, மாலையில் டிக்கட் வாங்கிக்கொண்டு இருட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து, இல்லாத பேய்க்கு நடுங்கிவிட்டு வருகிறான். அதிலும், ஒரு பேய் போதாது, ஒரே டிக்கட்டில் நாலைந்து பேயாவது வேண்டும் என்று எதிர்பார்க்கிற ரசிகர்கள் உண்டு. அவர்களுக்கென்றே ஒரு தனி வகைப் படம் நூறு வருஷத்துக்கு மேலாக எடுக்கப்பட்டு வருகிறது.

இத்தகைய படத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'போர்ட்மாண்டோ' படம் என்பது. போர்ட்மாண்டோ என்றால் உள்ளே தடுப்பு வைத்த பிரயாணப் பெட்டி. துரைமார்கள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டபடியால், நாம் நமக்குத் தெரிந்த ஒரு வஸ்துவின் பெயரையே வைத்துக்கொள்ளலாம். கதம்பப் படம் என்று சொல்லுவோம். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று பல பூக்களை ஒரே நாரில் தொடுப்பது போல், தனித்தனியான சிறு கதைகளை ஒரே நாரில் தொடுத்துக் காட்டுவது. நாலு பேர் ஓரிடத்தில் கூடுகிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்லுகிறார்கள், கதை முடிகிறது. நார் இவ்வளவுதான்.

பூவைத் தலையில் சூடுகிறவர்கள் நாரைக் கவனிப்பதில்லை. நல்ல கதம்பப் படத்தின் சூட்சுமமோ அந்த நாரில்தான் இருக்கிறது. பூவைத் தொடுத்திருந்தது நார் அல்ல, பாம்பு என்று கடைசி நிமிஷத்தில் தெரியவருகிறதே, அதற்காகத்தான் ரசிகன் காசு கொடுக்கிறான். இது என்னுடைய கட்சி. பேய்களின் எண்ணிக்கைதான் கவர்ச்சி என்கிற எதிர்க்கட்சியும் உண்டு. வாசகர்கள் இருதரப்பையும் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வித்தையை மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் என்ற பண்டிதர் இயற்றிய கதாசரித்சாகரத்திலே வேதாளம் சொன்ன இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. அதற்கு முன்பே அவை வழங்கிவந்தவை. விக்கிரமாதித்தன் கதையாக அவை தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. நள்ளிரவு, சுடுகாடு, மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பிரேதம், அதைத் தோளில் சுமந்து செல்லும் அரசன். வழிநடை அலுப்புத் தீரக் கதை சொல்லுவது அந்தப் பிரேதமேதான்! விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசன் தலை சுக்குநூறாகும். வாய் திறந்து சொன்னாலோ வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும்.

அது சொல்லும் கதைகளிலே பல பேய்க்கதைகளே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். காதற்கதை, தியாகக்கதை, வழக்குத் தீர்க்கும் கதை எல்லாம் உண்டு. கடைசிக் கதையில் மகன் தாயையும் தகப்பன் மகளையும் மணந்துகொண்டு, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஒன்றையொன்று என்ன முறை சொல்லி அழைப்பது என்று கேள்வி வருகிறது. நம் வீட்டுப் பாட்டிமார்களாலேயே தீர்க்க முடியாத சிக்கல். அரசன் மௌனமாகிறான். உடனே வேதாளம் மனமிரங்கி, 'உன்னை அனுப்பிய சந்நியாசி உன்னையே பலி கொடுக்கப் போகிறான்' என்று உண்மையை உடைக்கிறது. இருபத்தைந்து கதைகளையும் நாம் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், கதை கேட்ட ஆசாமி பலிபீடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான்! நார் பாம்பாகிற வித்தை இதுதான். இதற்கு மேல் ஒருவரும் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவரவர் தேசத்துக்குத் தக்கபடி செய்துகாட்டியிருக்கிறார்கள்.

சினிமாவில் இதை முதலில் கையாண்டவர்களில் ஜெர்மானியர் முக்கியமானவர்கள். முதல் மகாயுத்தத்தில் தோற்று, பசியும் கலகமுமாக அவர்கள் தவித்த 1919-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஆஸ்வால்டு என்பவர் ஒரு மௌனப் படம் எடுத்தார். பழைய புத்தகக் கடையை இரவு பூட்டிய பின்பு, சுவரில் மாட்டியிருந்த மூன்று சித்திரங்கள், யமனும் சாத்தானும் ஒரு வேசியும், சட்டத்தை விட்டிறங்கி, அங்குள்ள புத்தகங்களை எடுத்துப் பயங்கரக் கதைகளைப் படிக்கின்றன. 1924-ல் பால் லெனி எடுத்த மெழுகுப் பொம்மைப் படத்தில், கண்காட்சிப் பொம்மைகளுக்குக் கதை எழுதிக் கொடுக்க ஓர் ஏழைக் கவிஞன் கூலிக்கு அமர்கிறான். பாக்தாது காலிபா ஹாரூன் அல் ரஷீத், ருஷ்யாவின் கொடுங்கோலன் இவான் ஆகியோரின் கதைகளை முடித்துவிட்டுக் கண்ணயர்கிறான். லண்டன் கொலைகாரன் பொம்மை மட்டும் எழுத்தில் அடங்காமல் அவன் கனவிலேயே வந்து துரத்துகிறது. நாலாவதாக ஒரு கொள்ளைக்காரன் கதையும் எடுக்க உத்தேசமிருந்தது. கையில் பணமில்லாமல் விட்டுவிட்டார்கள். பொம்மை மாத்திரம் படத்தில் கதையின்றி நின்றுகொண்டிருக்கிறது. சினிமா முதலாளிகளின் கஷ்டம் எல்லாத் தேசத்திலும் ஒன்றே.

லண்டனில் ஓர் இரவு

ஆனால் இவ்வகைப் படங்களுக்கெல்லாம் தலைமைப் பீடத்தில் வைக்கத்தக்கது 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டனில் வெளியான 'டெட் ஆப் நைட்'. நடுநிசி என்று பொருள் சொல்லலாம். பின்னாளில் ஹாஸ்யப் படங்களுக்குப் பேர்போன ஈலிங் ஸ்டூடியோவில் மைக்கேல் பால்கன் தயாரித்தது. கவால்காந்தி, சார்லஸ் கிரைட்டன், பாஸில் டியர்டன், ராபர்ட் ஹேமர் என்று நால்வர் டைரக்ட் செய்தார்கள். நாலு பேர் சமைத்த சாம்பார் என்ன கதியாகும் என்று நமக்குத் தெரியும். இந்தப் படம் அதற்கு விதிவிலக்கு.

கட்டடச் சிற்பி ஒருவன் கிராமத்துப் பங்களா ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையாகக் காரில் வந்து இறங்குகிறான். வாசலில் நின்றதுமே திகைக்கிறான். இந்த வீட்டை, இதோ தேநீர் அருந்தும் இந்த மனிதர்களை, அவன் பலமுறை கனவில் பார்த்திருக்கிறான்! கனவின் முடிவு ஏதோ பயங்கரம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. என்ன என்பது நினைவில்லை. கூடியிருந்தவர்களில் ஒரு மனோதத்துவ டாக்டர், இதெல்லாம் மனப்பிரமை என்கிறார். மற்றவர்கள் சிற்பியின் பக்கம் சேர்ந்து, தத்தம் வாழ்வில் நடந்த விபரீதத்தை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

முதற் கதை மிகச் சிறியது. மோட்டார்ப் பந்தயத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் ஒருவன். இரவு மணி பத்துகூட ஆகவில்லை. ஜன்னல் திரையை விலக்கினால் வெளியே பட்டப்பகல்! கீழே ஒரு சவவண்டி நிற்கிறது. அதை ஓட்டுகிறவன் அண்ணாந்து பார்த்து, உள்ளே ஒருவருக்கு இடம் இருக்கிறதென்று மரியாதையாகத் தெரிவிக்கிறான். சில நாள் கழித்து அவன் குணமாகி வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். பஸ் வருகிறது. கண்டக்டர் அதே முகம், அதே வார்த்தை. அவன் ஏறவில்லை. அவன் கண்ணெதிரே அந்தப் பஸ் பாலத்திலிருந்து கவிழ்ந்து போகிறது.

இதில் பேய் எங்கே? அலறல் எங்கே? ஒன்றும் இல்லை. ஆயினும், அன்றைக்கு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விமானத் தாக்குதலில் அடுத்த வீடு மண்மேடாகித் தம் வீடு மட்டும் நின்றதைக் கண்டவர்கள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதனால் உயிர் பிழைத்தவர்கள். 'அவன் போனான், நான் ஏன் இருக்கிறேன்?' என்ற கேள்விக்குப் பத்திரிகையிலோ பார்லிமெண்டிலோ பதில் கிடைக்கவில்லை. யுத்த காலத்திலே பயங்கரப் படங்களைத் தணிக்கை அதிகாரிகள் தடுத்து வைத்திருந்தார்கள். நிஜமான பயங்கரம் வானத்திலிருந்து விழும்போது பொய்ப் பயங்கரம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். எனக்கென்னவோ விஷயம் நேர் எதிராகத் தோன்றுகிறது. நிஜப் பயத்துக்கு உருவம் கிடையாது. அது எந்தப் பக்கமிருந்து வரும், எப்போது தீரும் என்று தெரியாது. கதைப் பயத்துக்கோ தலையுண்டு, வாலுண்டு. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். உருவமில்லாத பயத்தோடு வாழ்ந்தவனுக்கு உருவமுள்ள பயம் ஒரு பெரிய ஆறுதல்.

சிறு கதையாயிருப்பதன் அனுகூலமும் இதில் விளங்குகிறது. இரண்டரை மணி நேரம் ஒரே பேயைக் காட்டினால், அந்தப் பேய் யார், எதற்காக வந்தது, முன்ஜென்மத்தில் யாரைக் காதலித்தது, என்ன பரிகாரம் செய்தால் போகும் என்று சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்லப் பயம் கரைந்துகொண்டே வரும். விளக்கம் கேட்க நேரமில்லாமல் முடிந்துபோகிற கதையில்தான் கடைசிவரை குளிர் போவதில்லை.

இரண்டாவது கதையில் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போன ஒரு பெண், கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள மாடியறை ஒன்றில் நுழைகிறாள். அங்கே தனியாக அழுதுகொண்டிருக்கும் சிறுவனை அணைத்து, தேற்றித் தூங்க வைத்துவிட்டு வருகிறாள். தன் சகோதரியாலேயே கொல்லப்பட்ட குழந்தை அவன் என்று பிற்பாடு தெரிகிறது. 1860-ல் இங்கிலாந்தை உலுக்கிய ஓர் உண்மையான கொலை வழக்கிலிருந்து அந்தக் குழந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிறகு, தான் நிற்கும் அறையைக் காட்டாமல் வேறோர் அறையைக் காட்டும் பழைய நிலைக்கண்ணாடியின் கதை. ராபர்ட் ஹேமர் டைரக்ட் செய்த இந்தப் பகுதியில் கொடூரமான காட்சி அதிகமில்லை. கலியாணம் நிச்சயமான வாலிபன் ஒருவன் கண்ணாடியின் முன் நின்று கழுத்துப்பட்டை கட்டுகிறான். பின்னால் எரியும் கணப்பு அவன் வீட்டுக் கணப்பு அல்ல. அவ்வளவுதான். பார்த்த பின்பு சில நாள் தலைவாரும்போது எனக்குக் கண்ணாடியில் சற்றுக் கவனமாகப் பார்க்கத் தோன்றியது.

நாலாவது, கோல்ப் பந்தாடும் இரண்டு நண்பர்களைப் பற்றிய ஹாஸ்யக் கதை. படத்திலே மிகவும் சோடையானது இதுவே. நம் தமிழ்ப் படங்களில் கதாநாயகி கண்ணீர் வடிக்கும் கட்டத்தில் திடீரென்று புகுந்துவிடும் ஹாஸ்ய ஜோடியைப் போல் வந்து போகிறது. ஆனாலும் மூச்சுவிட ஓர் அவகாசம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் படத்தை வெளியிட்டவர்கள் நீளம் அதிகமென்று இதையும் கிறிஸ்துமஸ் கதையையும் வெட்டி எறிந்தார்கள். எல்லாக் கதைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் முடிவுக் காட்சி அதனால் அவர்களுக்கு மொட்டையாகப் போயிற்று. பூவைத்தானே பிய்த்தோம் என்று நினைத்தார்கள். நாரும் கூட அறுந்துவிட்டது.

கடைசியில் டாக்டரே ஒரு கதை சொல்லுகிறார். கைப்பொம்மையைப் பேச வைத்து வித்தை காட்டும் ஒருவன். மைக்கேல் ரெட்கிரேவ் நடித்திருக்கிறார். அவனுடைய பொம்மை அவனைவிடச் சாமர்த்தியசாலியாகி, வேறு எஜமானனைத் தேடத் தொடங்குகிறது. பொம்மை பேசுகிறதா, அவன் புத்தி பேதலித்துப் பேசுகிறானா என்பதைப் படம் தீர்த்துச் சொல்லுவதில்லை. எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த டாக்டரிடமே விளக்கமில்லாத கதை இருந்தது என்பதில்தான் வேடிக்கை.

அதன் பின்பு, சிற்பி பயந்தது நடக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவன் கழுத்தை நெரிக்கும் கைகளாகிறான். சொன்ன கதைகளெல்லாம் அவனைச் சூழ்ந்து பிடிக்கின்றன. டெலிபோன் மணி அடிக்கிறது. விழித்துக்கொள்கிறான். எல்லாம் கனவு! கிராமத்துப் பங்களா ஒன்றைப் புதுப்பிக்க வரும்படி யாரோ கூப்பிடுகிறார்கள். காரில் போய் வாசலில் இறங்குகிறான், திகைக்கிறான்.

தொடக்கமும் முடிவும் ஒன்றாகிவிட்ட இந்தச் சக்கரத்தைப் பார்த்த ரசிகர்களில் மூன்று விஞ்ஞானிகளும் இருந்தார்கள். பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் என்ற அம்மூவரும், பிரபஞ்சமும் இப்படித் தொடக்கமில்லாமல் இருந்தால் என்ன என்று யோசித்து, 1948-ல் நிலைநிற்கும் பிரபஞ்சம் என்னும் சித்தாந்தத்தை வெளியிட்டார்கள். படம் பார்த்ததிலிருந்து அந்த யோசனை கிளம்பியதாக ஹாயிலே சொல்லியிருக்கிறார். 1965-ல் வெளியான சான்றுகளால் அந்தச் சித்தாந்தம் செல்வாக்கிழந்தது வேறு விஷயம். ஒரு பேய்ப்படம் வானசாஸ்திரம் வரையில் போனதென்றால் சாமானியமா!

பாவக் கணக்கு

இந்தப் படத்தின் மேல் ஆசை வைத்த மில்டன் சுபோட்ஸ்கி என்னும் அமெரிக்கர், மாக்ஸ் ரோஸன்பர்க் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, இங்கிலாந்தில் ஆமிகஸ் கம்பெனியை நடத்தினார். 1965 முதல் 1974 வரையில் இவர்கள் ஏழு பயங்கரக் கதம்பங்களைத் தொடுத்தார்கள். இதில் வியாபார ரகசியமும் ஒன்று உண்டு. பிரபல நடிகர் ஒருவரை ஒரு கதைக்கு மட்டும் சில நாட்கள் அமர்த்திக்கொண்டால் போதும். சுவரொட்டியில் ஐந்தாறு பெரிய பெயர்களைக் கொட்டை எழுத்தில் போட்டுவிடலாம்!

முதற் படத்தில் ரெயில் பெட்டியில் ஐந்து பேர். ஆறாவதாக ஏறிய கிழவர் சீட்டுப் போட்டு ஒவ்வொருவர் வருங்காலத்தையும் சொல்லுகிறார். வண்டி நிற்கிறது. இறங்கிப் பார்த்தால், வருங்காலம் என்று ஒன்று அவர்களுக்கு இனி இல்லை. வண்டியிலேயே விபத்தில் இறந்துபோனவர்கள் அவர்கள். 1972-ல் வந்த 'டேல்ஸ் பிரம் தி கிரிப்ட்' படத்திலும் நிலவறைக் கல்லறையில் வழிதவறிய ஐவர் கதையும் இவ்வாறே முடிகிறது. ஒருமுறை பார்த்தவனுக்கு மறுமுறை முடிவு தெரிந்துவிடும். அப்படியிருந்தும் பார்த்தார்கள். காலட்சேபத்துக்குப் போகிறவன் சீதை மீட்கப்படுவாளா என்று தெரியாமலா போகிறான்?

இந்தக் கதைகளில் ஒரு பாவக் கணக்கு உண்டு. புருஷனைக் கொன்றவள், மனைவியை விட்டோடியவன், குருடர் விடுதியில் குருடர்களை வதைத்த அதிகாரி என்று ஒவ்வொருவருக்கும் செய்த பாவத்துக்கேற்ற கூலி, வட்டியோடு. இதற்கு மூலம் 1950 முதல் 1955 வரையில் அமெரிக்காவில் வெளியான படக்கதைப் பத்திரிகைகள். இவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று கூக்குரல் எழுந்து, 1954-ல் அமெரிக்க செனட் சபையே விசாரணை நடத்தியது. வெளியீட்டாளர் வில்லியம் கெயின்ஸ் நேரில் வந்து சாட்சி சொன்னார். கையில் கோடரியும் வெட்டிய தலையுமாக ஒருவன் நிற்கும் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனைதானா என்று கேட்டார்கள். பயங்கரப் பத்திரிகையின் அட்டைக்கு அது நல்ல ரசனையே என்றார் மனிதர்! அதே வருஷம் பத்திரிகைக்காரர்களே கட்டுப்பாட்டு விதிகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். கெயின்ஸின் பயங்கரப் பத்திரிகைகள் அத்துடன் ஒழிந்தன.

அவற்றைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானதும் என்ன செய்தார்கள்? 1982-ல் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கும் டைரக்டர் ஜார்ஜ் ரொமேரோவும் சேர்ந்து 'கிரீப் ஷோ' எடுத்தார்கள். பேய்ப் பத்திரிகை படித்த சிறுவனை அறைந்து பத்திரிகையைக் குப்பையில் எறிகிறார் தகப்பனார். கதைகளெல்லாம் முடிந்து மறுநாள் காலையில், பையன் ஒரு சூனியப் பொம்மையின் கழுத்தில் ஊசியைக் குத்துகிறான். தகப்பனார் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். செனட் சபைக்கு இருபத்தெட்டு வருஷம் கழித்து வந்த பதில் இது.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவன் என்ற முறையில் இந்த வழக்கில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. மழை பெய்து விளையாட்டு மைதானம் குளமாகிவிட்ட சாயங்காலங்களில், வகுப்பில் ஏகமனதாகப் பேய்க்கதை கேட்பார்கள். ஒன்று சொன்னால் நிறுத்த விடமாட்டார்கள். 'இன்னொன்று சார்' என்பார்கள். மூன்றாவது கதைக்குள் கடைசி பெஞ்சுக்காரர்கள் முதல் பெஞ்சுக்கு வந்து நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் எவனும் அதனால் கெட்டுப்போனதாக நான் காணவில்லை. பாவக் கணக்குக் கதை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும், சிரித்துக்கொண்டே கேட்பார்கள். தப்பு ஒன்றும் செய்யாதவனுக்குத் தீங்கு வருகிற கதையில்தான் சிரிப்பு நின்றுபோகும். பெரியவர்களுக்கும் இப்படியேதான். பாவி தண்டிக்கப்பட்டால் நமக்குப் பயமில்லை, நாம்தான் யோக்கியர்களாயிற்றே! அந்தச் சவவண்டிக்காரன் யோக்கியன், அயோக்கியன் என்று பார்ப்பதில்லை. அதனால்தான் ஆமிகஸ் படங்கள் பொழுதுபோக்கு. 'டெட் ஆப் நைட்' வேறு.

ஆமிகஸ் படங்களிலும் ஒரு பகுதிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். 1972-ஆம் வருஷப் படத்தில் பீட்டர் குஷிங், மனைவியை இழந்து தனியே வாழும் ஏழைக் கிழவராக வருகிறார். தெருக் குழந்தைகளுக்குப் பழைய பொம்மைகளைச் செப்பனிட்டுக் கொடுப்பதுதான் அவருக்குச் சந்தோஷம். அவர் குடியிருப்பதைச் சகியாத பணக்கார அண்டை வீட்டான், காதலர் தினத்தில் ஊரெல்லாம் அவரை வெறுப்பதாகப் பொய் வாழ்த்துக்களை எழுதிக் குவித்து அவரைத் தூக்கு மாட்டிக்கொள்ளச் செய்துவிடுகிறான். ஒரு வருஷம் கழித்துக் கிழவர் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார். அது வழக்கமான கதைதான். ஆனால் அதற்கு முன்பு, இறந்த மனைவியின் படத்தோடு அவர் பேசும் கட்டம் இருக்கிறதே! குஷிங்கின் மனைவி 1971 ஜனவரியில் காலமாகியிருந்தார். அந்தத் துக்கம் ஆறாமலே நடித்தார். பேய்ப்படத்துக்கென்று போய் உட்கார்ந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிற இடம் அது.

நம் சொத்து எங்கே?

வேதாளத்தின் சொந்தக்காரர்களாகிய நாம் என்ன செய்தோம்? 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா பல்லாண்டுகள் மாதந்தவறாமல் வேதாளத்தை விக்கிரமாதித்தன் தோளில் ஏற்றியது. சங்கர் வரைந்த சித்திரத்தில் அந்தப் பிரேதத்தின் தலைமயிர் காற்றில் பறந்ததை மறந்தவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அதோடு, இது குழந்தைகள் சமாசாரம் என்று மூட்டை கட்டி வைத்துவிட்டோம். 2003-ல் ராம் கோபால் வர்மா தயாரிப்பில் பிரவால் ராமன் எடுத்த 'டர்னா மனா ஹை' என்ற ஹிந்திப் படத்தில், காட்டில் கார் நின்றுபோன நண்பர்கள் தீமூட்டி உட்கார்ந்து ஆறு கதை சொல்லுகிறார்கள். பாட்டில்லாமல் இந்திய ஜனங்கள் படம் பார்ப்பார்கள் என்று நம்பியதற்கே அதைப் பாராட்டலாம். கதை சொல்லும் கூட்டத்தையே ஆபத்து நெருங்குவதால் நாரும் உயிரோடிருக்கிறது. 2020-ல் பெரிய டைரக்டர்கள் நால்வர் ஆளுக்கொன்றாக நாலு கதை எடுத்து அடுத்தடுத்து வைத்தார்கள்; நாரே இல்லை. அமெரிக்காவில் 2012-ல், ஆங்கில அரிச்சுவடியின் இருபத்தாறு எழுத்துக்கும் எழுத்துக்கொரு சாவாக ஒரு படம் எடுத்தார்கள். எனக்கு 'கே' வருவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. பேய்களின் எண்ணிக்கைதான் கவர்ச்சி என்போருக்கு அந்தப் படத்தையே என் தரப்புச் சாட்சியாக நிறுத்துகிறேன்.

சொந்தச் சொத்தை ஆளத் தெரிந்தவர்கள் ஜப்பானியர். அவர்கள் அதை மீட்டுக்கொண்ட வழியும் விசித்திரமானது. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தகப்பனுக்கும் 1850-ல் பிறந்த லப்காதியோ ஹெர்ன் என்பவர், 1890-ல் ஜப்பானுக்குப் போய், அந்நாட்டுப் பெண்ணை மணந்து, கொய்ஸுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். மனைவி ஸெட்சு இராவேளைகளில் பழங்கதைகளைச் சொல்லுவாள். அவர் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவார். 1904-ல் 'க்வைதான்' என்ற புஸ்தகம் வெளிவந்தது. அதே வருஷம் அவர் காலமானார். அறுபது வருஷம் கழித்து, 1964-ல், மஸாகி கோபயாஷி அவருடைய எழுத்திலிருந்து நாலு கதைகளைத் தேர்ந்தெடுத்து அதே பெயரில் மூன்று மணி நேரப் படமாக்கினார். பெரும்பகுதியை விமானக் கொட்டகை ஒன்றுக்குள் ஸெட் போட்டு எடுத்தார். வானத்தையே திரைச்சீலையில் எழுதினார்கள். பனிப்பெண் வரும் கதையில் வானத்திலிருந்து கண்கள் பார்க்கின்றன. தோரு தாகெமிட்ஸுவின் சங்கீதத்தில் சப்தத்தைவிட மௌனம் அதிகம். 1965-ல் பிரான்ஸின் கான் நகர விழாவில் விசேஷப் பரிசும் பெற்றது.

மூன்றாவது கதையின் நாயகன் ஹோயிச்சி, கண்ணில்லாத பாடகன். 1185-ல் டான்னோஊரா கடற்போரில் ஹெய்க்கே வம்சம் அழிந்து, சிசுவான சக்கரவர்த்தியும் கடலில் மூழ்கிய சரித்திரத்தைப் பீவா என்னும் வாத்தியத்தோடு பாடுவதில் நிகரற்றவன். ஓரிரவு யாரோ ஒரு வீரன் வந்து, பிரபுவின் சபையில் பாடக் கூப்பிடுகிறான். போகிறான், பாடுகிறான், சபை முழுதும் விம்மி அழுகிறது. அவன் பாடியது ஹெய்க்கேயின் கல்லறைகளுக்கு நடுவே! தங்கள் மரணத்தின் கதையைத் தாங்களே கேட்டு அழுகிறார்கள் அந்த இறந்தவர்கள். விஷயம் அறிந்த மடத்துக் குரு, ஹோயிச்சியின் உடம்பு முழுதும் பௌத்த சூத்திரத்தை எழுதி அவனைப் பேய்க்கண்ணுக்கு மறைக்கிறார். காதுகளில் எழுத மட்டும் மறந்துபோகிறார்கள். இரவில் வந்த வீரனுக்குத் தெரிந்தவை இரண்டு காதுகளே. அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறான். பாட்டுக்குக் காது கொடுத்தவர்கள் பாடகனின் காதையே கொண்டு போனார்கள்! ஹோயிச்சி செய்த பாவம் என்ன? நன்றாகப் பாடினான், அவ்வளவே.

நாலாவது கதை ஹெர்ன் எழுதியபடியே முடிவில்லாத கதை. ஒரு வீரன் தேநீர்க் கிண்ணத்தில் தன்னுடையதல்லாத முகம் ஒன்று சிரிப்பதைக் காண்கிறான். கொட்டிவிட்டு வேறு ஊற்றினாலும் அதே முகம், ஆத்திரத்தில் குடித்துவிடுகிறான். அன்றிரவு அந்த முகத்துக்குரியவன் நேரில் வருகிறான். வாளுக்கு அகப்படாமல் சுவருக்குள் மறைகிறான். பிறகு அவனுடைய ஆட்கள் மூவர் வருகிறார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது. கோபயாஷி இதற்கு ஒரு நாரைச் சேர்த்தார். இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த ஆசிரியரைப் பார்க்கப் பதிப்பாளர் வருகிறார். காகிதங்கள் அப்படியே கிடக்கின்றன, ஆசிரியரைக் காணோம். அடுப்பங்கரைப் பக்கம் போன வீட்டுக்காரி அலறுகிறாள். பதிப்பாளர் ஓடிவந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறார். உள்ளே, நீரில் ஆசிரியரின் முகம். கை அசைத்து அவரை வாவென்று கூப்பிடுகிறது.